யாரும் கேட்காத தீவு

ரொறன்ரோவின் டான்ஃபோர்த் தெருவில் கிரேக்கர்கள் நடத்தும் பயண அலுவலகத்துக்குள் நுழைந்ததும், றோசலின் குளிர்த்தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதிரை நுனியில் அமர்ந்தாள்.

அகஸ்ரினுக்கு இன்னும் நம்ப முடியவில்லை. கலியாணமாகி ஐந்து வருடத்தில் இதுதான் அவர்களுடைய முதல் விடுமுறை. ஸ்காபரோவில் அவர்களுடைய தேவாலயத்துச் சனம் வெளிக்கிட்டால் லூர்து மாதாவிடம் போகும், இல்லையென்றால் லண்டனில் இருக்கிற சொந்தங்களிடம் போகும். இவளோ கிரேக்க நாட்டில் ஒரு சின்னத் தீவுக்குப் போவோம் என்கிறாள்.

ஊர்காவற்றுறையில் பிறந்தவனுக்குத் தீவு காட்டப் போகிறாயா என்று அவன் பகிடி விட்டுப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

மேசைக்கு அப்பால் இருந்த பெண் படப் புத்தகங்களை விரித்து வைத்தாள். வெள்ளைச் சுவர்கள், நீலக் கூரைகள், ஊர்ப்பட்ட சனம்.

றோசலின் ஒவ்வொன்றையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று தலையசைத்தாள். பிறகு ஒரு பெயரைச் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் பேனை நின்றது. தன் பாஷையில் ஏதோ கேட்டாள்.

றோசலின் அதே பாஷையில் பதில் சொன்னாள். முதலில் தட்டுத்தடுமாறி. பிறகு மளமளவென்று.

அகஸ்ரின் கதிரையைத் திருப்பித் தன் மனைவியைப் பார்த்தான்.

கொழும்பில் விமானம் ஏறியவள் ரொறன்ரோவில் இறங்க இரண்டு வருடம் பிடித்தது. சம்பந்தம் பேசும்போது, தனியாக வந்த பெட்டை இடையில் எங்கே நின்றாள் என்று விசாரி என்று அவனுடைய அக்கா சொன்னாள். அவன் விசாரிக்கவில்லை. அதைத் தன்னுடைய பெருந்தன்மை என்றே நினைத்திருந்தான்.

ஆனால் கேட்காமல் விட்டது, வரவர மூன்றாவது ஆளாக வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியிருந்தது.

றோசலினின் கை காற்றில் ஒரு மலைப்பாதையை வரைந்தது. கிரேக்கப் பெண் உற்சாகமாகி அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். துறைமுகத்திலிருந்து நடக்கத்தான் வேண்டுமாம். மலை முழுக்க மூலிகை வாசமாம். அந்தப் பக்கம் இறங்கினால் ஆடுகள் மட்டும் வருகிற கடற்கரையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்சட்டியில் கொண்டைக்கடலை போட்டு, பாண் சுடுகிற போறணை அடுப்புக்குள் வேகவைப்பார்களாம்.

"நீர் அங்கை நிண்டனீரோ?" என்று அகஸ்ரின் அவளைக் கேட்டான்.

றோசலின் சுவரில் இருந்த கடல் படத்தைப் பார்த்தபடியே சொன்னாள். கனடாவுக்கென்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அங்கே இறக்கிவிட்டுப் போனவன், திரும்பி வரவேயில்லை. சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கலியோபி என்ற பெண்தான் மாடியில் ஓர் அறை கொடுத்தாள். றோசலின் அந்தக் கடையில் வெங்காயம் உரித்தாள், கோப்பை கழுவினாள், பின்னேரங்களில் அந்த மலையில் நடந்தாள். ஒருவரும் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

கடைசி வசனத்தை மட்டும் அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் இதை எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள்.

அந்தத் தீவில் ஹோட்டல் கிடையாது, அறை வேண்டுமென்றால் அந்தச் சாப்பாட்டுக்கடைக்கே ரெலிபோன் எடுத்துக் கேட்க வேண்டும் என்றாள் கிரேக்கப் பெண். அங்கே இப்போது பின்னேரம், ஆட்கள் இருப்பார்கள். அவள் இலக்கங்களைச் சுழற்றினாள். இரண்டு வார்த்தை பேசினாள். சிரித்துக்கொண்டே றிசீவரை நீட்டினாள்.

றோசலின் தன் பெயரை மட்டும் சொன்னாள்.

மறுமுனையில் எழுந்த கூச்சல் அகஸ்ரினுக்கே கேட்டது. றோசலின் அழுதாள், சிரித்தாள், ஏதோ சொன்னாள், மறுபடியும் அழுதாள். பிறகு றிசீவரை அவனுடைய காதில் வைத்தாள்.

ஒரு பெண்ணின் கரகரத்த குரல் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டது. அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மனைவியைப் பார்த்தான்.

றோசலின் கண்ணைத் துடைத்தாள்.

"மருமோன் எப்ப வாறார் எண்டு கேக்கிறா."