ஏணிக்கு வலப்பக்கம் முதல் பெட்டி

நாலு மணி ஆகிவிட்டது. கோடு இன்னும் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அவள் தேநீரைத் தொடவில்லை. திரையில் நாலு கப்பல்களின் குளிர்பெட்டிகள், எழுநூற்றுச் சொச்சம். ஆப்பிள், கோழி, வெண்ணெய், மீன் என்று பெட்டிக்குப் பெட்டி ஒரு கோடு. நடுக்கடலில் எந்தப் பெட்டியில் குளிர் குறைந்தாலும் இங்கே கோடு தூக்கும். உடனே கப்பலுக்கு எழுதிக் கேட்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

நாலு மணிக்கு மட்டும் மற்ற எழுநூறும் அவள் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது கப்பலில், ஏணி இறங்கியதும் வலப்பக்கம் முதலில் நிற்கும் பெட்டியைத்தான் பார்ப்பாள். பயணத்துக்குப் பயணம் பெட்டி மாறும், இடம் மாறாது. இந்த முறை அதில் இறால். மைனஸ் இருபது.

நாலு ஏழுக்குக் கோடு எழும்பியது.

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. "இன்னிக்கும் லேட்டு" என்று முனகிக்கொண்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தாள்.

கணவன் அந்தக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக ஏறியபோது செய்துகொண்ட ஏற்பாடு இது. நடுக்கடலில் போன் எடுக்காது. இணைய அட்டை வாங்கினாலோ, சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் தீர்ந்துவிடும். ஆனால் குளிர்பெட்டியில் படிந்த பனியை உருக்க ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் கொஞ்ச நேரம் சூடு ஏறும். கோடு ஒரு மேடு கட்டி இறங்கும்.

"தினம் நாலு மணிக்கு ஒரு அமுக்கு அமுக்குறேன். கோடு எழும்பினா ஐயா உசுரோட இருக்கார்னு வெச்சுக்கோ."

ஊர் உலகத்தில் கணவன்மார் போன் அடிப்பார்கள். இவளுக்கு வாய்த்தவன் ஐஸ் உருக்கினான். அன்றைக்கு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரிப்பெல்லாம் கப்பல் கிளம்பும் வரைக்கும்தான். அதற்குப் பிறகு அந்த மேடு இல்லாமல் அவளுக்கு நாள் ஓடாது என்று ஆகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டால் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கலாம், ஒரு ஆளுக்குச் சமைக்கலாம், ஒரு தட்டைக் கழுவி வைக்கலாம்.

மேலாளர் வந்து பின்னால் நின்றார். மற்றவர்களிடம் எரிந்து விழுகிறவர், அவளிடம் மட்டும் கொஞ்ச நாளாக மெதுவாகப் பேசுகிறார்.

இறாலுக்குச் சொந்தக்காரர் தாம்தூம் என்று குதிக்கிறாராம். தினமும் நாலு மணிக்கு என் பெட்டியில் மட்டும் ஏன் சூடு ஏறுகிறது, யார் கை வைக்கிறார்கள் என்று கேட்கிறாராம். காரணம் கேட்டு, இனிமேல் கூடாது என்று கப்பலுக்கு எழுதச் சொன்னார். ஐந்து மணிக்குள் பதில் வேண்டும்.

அவள் கணவன் கப்பல்காரன் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தக் கப்பல் என்று ஒருவரும் கேட்டதில்லை.

கருவிக் கோளாறு என்று எழுதித் தட்டிக்கழிக்கலாமா என்று பார்த்தாள். அப்படி எழுதினால் அடுத்த துறைமுகத்தில் மெக்கானிக்கை ஏற்றிப் பெட்டியைக் குடைந்துவிடுவார்கள். இரண்டே நாளில் குட்டு வெளிப்படும்.

எழுதினால் நாளைக்கு நாலு மணிக்குக் கோடு நேராகக் கிடக்கும். வேறு யாராவது இந்தக் கடிதத்தை எழுதித் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது. அந்தக் கப்பல் அவள் பொறுப்பு. அவள்தான் எழுத வேண்டும்.

இரண்டு வரி எழுதினாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

இருபது நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

'வணக்கம் மேடம். நான் இந்தக் கப்பலுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. எனக்கு முன்னால் இருந்த எலக்ட்ரீஷியன் பணியிலேயே இறந்துபோனார். அவருடைய குறிப்பேட்டைப் பார்த்துத்தான் வேலை செய்கிறேன். ஏணிக்கு வலப்பக்கம் முதல் பெட்டி, தினமும் நாலு மணிக்குப் பனி உருக்க வேண்டும், ஒரு நாளும் விடக்கூடாது என்று அதில் இருக்கிறது. கப்பல் நேரம் இல்லை, மேஜையில் அவர் வைத்திருந்த சின்னக் கடிகாரத்தின் நேரம். காரணம் எழுதவில்லை. பெரியவர், காரணம் இல்லாமலா எழுதியிருப்பார் என்று விடாமல் செய்துவந்தேன். நிறுத்திவிடவா?'

அதில் அவளுக்குப் புதிய செய்தி எதுவும் இல்லை. உடலைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவளே அவள்தான்.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, பழக்க தோஷத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நாலு மணி தாண்டியதும் கோடு எழும்பியது. எழுந்து ஓடிப்போய்க் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். யாரோ அமுக்குகிறார்கள் என்பது வரைக்கும் புரிந்தது. யார், எதற்கு என்று விசாரித்தால் எங்கே நின்றுவிடுமோ என்று பயந்து, இந்த மூன்று மாதமும் வாயைத் திறக்கவில்லை.

'நிறுத்திவிடுங்கள்' என்று எழுதினாள். கீழே நன்றி என்பது இரண்டு முறை விழுந்திருந்தது. ஒன்றை அழிக்கப் போய், அப்படியே விட்டு அனுப்பினாள்.

மேலாளர் தன் அறை வாசலிலிருந்தே காரணம் என்னவாம் என்று கேட்டார்.

"பழைய ஆள் எழுதி வெச்சுட்டுப் போனதாம் சார்" என்றாள். "எதுக்குன்னு யாருக்கும் தெரியலையாம்."