மடவைக் குழம்புக்குப் பாராட்டு

"கட்டி கரைஞ்சி போச்சாம் உம்மா. இனிமே மருந்து ஏத்த வேணாம்னு டாக்டர் சொல்ட்டாரு" என்றபடி, சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த வாப்பாவைக் கைத்தாங்கலாகச் சாப்பிட உட்கார வைத்தான் தௌஹீத்.

பழவேற்காட்டு ஜவுளி வியாபாரி ஹனீப், கல்யாணமான நாளிலிருந்து மனைவியின் சமையலில் ஒரு குறை சொல்லாமல் கை கழுவியதில்லை. மருந்து ஏறி, வாந்தி எடுத்துக் கிடந்த நாட்களில்கூட, "கஞ்சியா இது? போஸ்டர் ஒட்டலாம்" என்றவர்தான்.

இன்று மீன் குழம்புச் சோறு இரண்டு வாய் சாப்பிட்டதும் தலை நிமிர்ந்தார்.

"ஜாஹிதா, சும்மா சொல்லக் கூடாது. மடவைக் குழம்புல உன்ன அடிச்சிக்க இந்த ஊர்ல ஆளே கெடையாது."

"கேட்டியா உம்மா? வாப்பா குடுக்குற மொத சர்ட்டிபிகேட்" என்று சிரித்தான் தௌஹீத்.

ஜாஹிதா அடுப்படிக்குள் போய்விட்டாள். பின்னாலேயே வந்த மகனிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"இன்னும் எவ்ளோ நாள்னு டாக்டரு சொன்னாரு?"

தௌஹீதின் முகம் செத்துப்போனது. "உனக்கு யாரும்மா சொன்னது?"

"உங்க வாப்பாதான். கடையில நீ பாத்தது இல்லியா? வாங்கி வச்சிக்கப் போற சரக்கத்தான் நொட்டை சொல்லுவாரு. கைய உட்டுப் போற சரக்கத்தான் ஆஹா ஓஹோன்னு புகழுவாரு. அது புரியாம, இத்தினி வருஷமா அவரு நொட்டை சொல்ல சொல்ல நான் அழுதுகினு இருந்தேன். இன்னிக்குப் புகழ்ந்துட்டாரேடா."