மேசைக்கு வராத பயிற்சியாளர்

2004இன் கடைசிக் கூடைப்பந்து ஆட்டம். பந்து வெளியே போய் ஆட்டம் நிற்கிறது. பதினொரு வினாடிகள் மிச்சம். ஒரு புள்ளி பின்தங்கியிருக்கும் கொலோன் அணி தோற்றால் அமெரிக்கப் பயிற்சியாளர் மெக்கார்வியின் வேலை போய்விடும். வெள்ளை விளக்கொளியில் நெற்றி வியர்க்க, அவர் வீரர்களோடு பேச இடைவேளை கேட்டு, நடுவரைப் பார்த்து "டைம் அவுட்" என்று கத்துகிறார். நடுவர் திரும்பவில்லை. ஜெர்மனியில் அதை ஆடுகள ஓரத்து அலுவலர் மேசைக்கு வந்துதான் கேட்க வேண்டும். அங்கே புள்ளி எழுதும் எவ்லின் பேனையைக் கீழே வைக்கிறாள்.

"மூண்டு வருசமாச் சொல்லியாச்சு, அண்ணை. இந்த மனுசனுக்கு மேசை கண்ணில படுறேல்லை."

"அமெரிக்காவில கத்தினாலே குடுப்பினமாம்," என்கிறார் கடிகாரத்தை இயக்கும் ஸ்ரீதரன். "ஒருக்காப் போய்ச் சொல்லன்."

"ஆட்டத்துக்கு நடுவில ஏலாது. நாங்கள் ரெண்டு பக்கத்துக்கும் பொது."

விசில் ஒலிக்கிறது. வீரர்கள் பயிற்சியாளரின் முகத்தையே பார்த்து நிற்க, பந்தை எதிரணி பறிக்கிறது. மெக்கார்வி மேசைக்கு வந்து, மிகவும் மரியாதையாக, டைம் அவுட் கேட்கிறார். எவ்லின் கடிகாரத்தின் பூச்சியத்தைக் காட்டுகிறாள்.