ஏழாம் நம்பருக்கு மூச்சு வாங்கியது

ஏழாம் நம்பர் சர்வருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

அதிலுள்ள இணையதளங்களுக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை நேற்றைப் போலத்தான். ஆனால் லோடு மட்டும் காலையிலிருந்து ஏறிக்கொண்டே போனது.

லோடு என்று நாங்கள் சொல்வது ஒரு வரிசையின் நீளம், அவ்வளவுதான். நான்கு கவுண்டர் உள்ள வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் வந்தால் நான்கு கவுண்டரிலும் வேலை நடக்கும், யாரும் காத்திருக்க வேண்டாம். ஏழாம் நம்பரில் அப்போது அறுபது பேர் நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

எங்கள் கம்பெனி இடம் வாடகைக்கு விடுகிற அந்த ஒரு இயந்திரத்தில் எத்தனையோ பேரின் இணையதளங்கள் குடியிருக்கின்றன. கீழ்வீட்டில் மோட்டார் போட்டு இழுத்தால் மாடியில் குழாய் காற்று விடுமே, அதே கதைதான்.

பக்கத்து மேசையில் போன் எடுப்பவள் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "பூக்கடைக்காரர்டி, அவர் சைட் திறக்கலையாம். சர்வர் தூங்குதா, இல்ல போயே போச்சா? சொல்லிட்டா ஒரு தடவை அழுதுட்டு வேற வேலையைப் பார்ப்பேங்கிறார்."

யாராவது வேண்டுமென்றே தாக்குகிறார்களா என்று பார்த்தேன். இல்லை. மெயில் தேங்கியிருக்கிறதா? இல்லை. நகல் எடுத்துவைக்கிற பேக்கப் விடியற்காலையிலேயே முடிந்திருந்தது.

பிறகு வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கணக்கு முக்கால்வாசியைத் தின்றுகொண்டிருந்தது. அதிலும் ஒரே ஒரு பக்கம்.

திறந்தேன்.

தன்னைவிடப் பெரிய மஞ்சள் மழைக்கோட்டுக்குள் நின்று சிரிக்கிற ஒரு சிறுமியின் படம். கோட்டின் தோள் கிழிந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. அவளுக்கு ரத்தத்தில் நோய். பொருந்துகிற ஸ்டெம் செல் யாரிடமாவது இருக்க வேண்டும். இன்று மாலை பரிசோதனை முகாம். எந்தக் கட்டடம், எந்த வாசல் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

அடியில் 'நன்றி' என்று ஒரு தலைப்பு. அதன்கீழ் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்த அத்தனை பேரும், ஊரோடு.

அண்ணா பின்னால் வந்து நின்றார். எங்கள் சீனியர். நீண்ட லீவுக்குப் பிறகு இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். ஏன் லீவு என்று கேட்டதற்கு, வீட்டில் உடம்பு சரியில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். எதையும் வெளியே சொல்கிற ஆள் இல்லை.

திரையைப் பார்த்தார்.

"நிறுத்திடு அந்தக் கணக்கை. மத்தவங்களை முடக்கினா நிறுத்தணும், ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அண்ணா, முகாம் இன்னிக்குத்தான். பத்து நிமிஷம் குடுங்க, எங்க இடிக்குதுன்னு பார்த்துடறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை இயக்குகிற நிரலைத் திறந்தேன்.

யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும், அது நன்றிப் பட்டியலை முதலிலிருந்து புதிதாகக் கட்டியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முறை உள்ளே ஓடி, இவர் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு வந்தது. ஆயிரம் பெயர் இருந்தால் ஆயிரம் ஓட்டம். அடுத்தவர் திறந்தால் மறுபடியும் ஆயிரம். வருகிறவர்கள் கூடவில்லை, பெயர்கள்தான் கூடிக்கொண்டே போயின. உதவ வந்தவர்கள் பெருகப் பெருக, நன்றி சொல்லியே ஏழாம் நம்பர் களைத்துவிட்டது.

நிரலில் மனிதர்கள் படிப்பதற்கென்று குறிப்பு எழுதிவைப்போம். இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். அங்கே ஒரே ஒரு குறிப்பு இருந்தது: 'பெயர் கொடுத்தவர் அடுத்த நொடியே தன் பெயரை இங்கே பார்க்க வேண்டும்.'

"யார் எழுதினதோ, மனசு தங்கம். கோடிங்தான் தகரம்," என்றேன்.

அண்ணா சிரிக்கப் பார்த்தார். ஒரு தடவை கட்டியதை மறுபடி கட்டாதே என்று எங்கள் எல்லோரிடமும் தொண்டை வறளக் கத்துகிறவர் அவர்தான்.

"சரிபண்ணிடலாம்ணா. ஆனா கணக்கோட ஓனரைக் கேட்காம கை வைக்கக் கூடாதே?"

"கேட்டாச்சுன்னு வெச்சுக்கோ."

கை வைத்தேன். அறுபது முப்பதானது. முப்பது மூன்றானது. பூக்கடைக்காரரின் தளம் பளிச்சென்று திறந்தது. நன்றிப் பட்டியலில் ஒரு புதுப் பெயர் விழுந்தது, பிறகு இன்னொன்று. எங்கோ இருக்கிற யார் யாரோ. எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

"தேங்க்ஸ்மா," என்றார் அண்ணா. ஒரு சர்வரைச் சரிசெய்ததற்கு அவர் யாருக்கும் நன்றி சொல்லிக் கேட்டதில்லை.

வெளியே தூறல். கொஞ்சம் சீக்கிரம் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, கதவோரம் மாட்டியிருந்த மழைக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மஞ்சள் கோட்டு. தோளில் கறுப்பு டேப்.

நான் மறுபடி நிரலைத் திறந்தேன். அவருடைய குறிப்பை அழிக்கவில்லை. என் திருத்தம் என்னவென்று அதன்கீழ் ஒரு வரி சேர்த்தேன்: 'புதுப் பெயர் வரும்போது மட்டும் பட்டியலைக் கட்டு, மற்ற எல்லோருக்கும் கட்டியதையே காட்டு.'