லுக்குக்கு ஒரு வால்

“டீச்சர் வீடு இதுதானே சார்?”

அவன் அன்றும் ஆறு மணிக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். இங்கிலீஷ் டீச்சராக இருந்த மனைவி இறந்த பத்து மாதமாக எல்லாக் காலையும் இப்படித்தான். ஏழேகாலுக்குக் கதவைப் பூட்ட வந்தபோது, வாசலில் நின்று ஓர் இளம்பெண் அப்படிக் கேட்டாள்.

சீருடை இல்லாததால் அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமானது. மனைவி கடைசிப் பன்னிரண்டு நாள் படுத்திருந்த வார்டின் நர்ஸ்.

“இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணிட்டேன் சார். வெளிநாட்டு ஆஸ்பத்திரில வேலை. நாளன்னைக்குக் கெளம்பறேன். டீச்சர்கிட்ட சொல்ல முடியாது. அதான் உங்ககிட்ட...”

“உள்ள வாங்க.”

நாற்காலியை இழுத்துப் போட்டான். இன்று விட்டால் இனிக் கேட்க ஆளில்லை.

“அவ போன அன்னிக்கு என்னைத் தேடினாளா?”

அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

“டீ குடிச்சிட்டுப் பத்து நிமிஷத்துல வரேன்னு போனேன். வார்டுக்குத் திரும்ப மனசு வரல. கேன்டீன்லயே நாப்பது நிமிஷம் உக்காந்துட்டேன். வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாதான் சொன்னாங்க. ‘லுக்கிங் ஃபார், லுக்கிங் ஃபார்’னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம்.”

லுக்கிங் ஃபார் என்றால் தேடுவது. அந்த அளவுக்கு அவனுக்கும் இங்கிலீஷ் தெரியும்.

நர்ஸ் எழுந்து நின்றாள்.

“தப்பு என்மேல சார். அவங்ககிட்ட பாடம் கேட்டுக்கிட்டிருந்தேன். டியூட்டி நேரத்துல. தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் மூச்சு விடல.”

“பாடமா?”

“லுக் பாடம். எனக்கு அது மட்டும் மண்டைல ஏறவே இல்ல. லுக்னா பாக்கறது. பின்னால ஒரு வால் ஒட்டினா ஆளே மாறிடுது. டீச்சர் ஊசிக்கு நீட்டின கையைக் காட்டியே சொல்லிக் குடுத்தாங்க. ‘அரை மணியா என் கைல நரம்பு தேடறியே, அது லுக்கிங் ஃபார். என்னைக் கவனிச்சுக்கறியே, அது லுக்கிங் ஆஃப்டர். பெரிய டாக்டர் உன்னை மட்டமா ஒரு பார்வை பாக்கறாரே, அது லுக்கிங் டவுன் ஆன்’னாங்க. அப்பவும் நான் மாத்தி மாத்திச் சொல்லுவேன். ‘நரம்புக்கு லுக்கிங் ஃபார்டி, லுக்கிங் ஃபார்’னு திருத்திக்கிட்டே இருந்தாங்க.”

அந்தக் கடைசி நாட்களில் மனைவி ஒரு வாய் தண்ணீர் குடிக்க நாலு முறை நிறுத்துவாள். அவளா இவ்வளவு பேசியிருக்கிறாள்? அவன் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

“ஏன் இந்த இங்கிலீஷ்காரன் இப்படிப் படுத்தறான்னு கேட்டேன். ‘நம்ம பார் மட்டும் லேசுப்பட்டதா? எதிர்பார், சரிபார், பாத்துக்கோ. நமக்கு முன்னாலயும் ஒட்டும், பின்னாலயும் ஒட்டும். அவனுக்குப் பெரும்பாலும் பின்னால. அவ்வளவுதான்டி’ன்னாங்க. ரெண்டு வருஷமா புரியாதது சார். எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.”

அவனுக்கும்தான். வெளியே காட்டவில்லை.

“என்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையா?”

“சொன்னாங்க. ‘அவர் டீக்குப் போனா லேசுல வர மாட்டார். அதுக்குள்ள இன்னொரு பாடம் முடிச்சிடலாம்’னாங்க.”

சிரிப்பு வந்தது. வந்ததில் அவனே திடுக்கிட்டான்.

“அப்புறம்?”

“பரீட்சைல வர்ற மாதிரி, புது ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் எழுதச் சொன்னாங்க. எழுதிப் படிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிட்டாங்க, தூங்கறாங்கன்னு நெனச்சேன். கடைசி வரி, ‘உங்களைச் சந்திக்க ஆவலா காத்திருக்கேன்’னு வரணும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ன்னு முடிச்சேன். உதடு அசைஞ்சுது. குனிஞ்சு கேட்டேன். அதுக்கப்புறம் பேச்சே இல்ல. டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.”

“என்ன சொன்னா?”

“‘மீட் இல்லடி. மீட்டிங்.’”