கத்தியைக் கேட்டவள்

“வலி வர்றதுக்கு முன்னாடியே வயித்தைக் கிழிக்கணுமாம். நல்லா இருக்கு கதை” என்றபடி பெரிய சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எதிரே நிறைமாதக் கர்ப்பிணி. குனிந்த தலை நிமிரவில்லை.

காரணம் இல்லாமல் ஆபரேஷன் கேட்டு வருகிறவர்களை டாக்டர் பெரிய சிஸ்டரிடம் தள்ளிவிட்டுவிடுவார். அவளும் உட்கார வைத்துப் பேசி, மனசைக் கரைத்து, நார்மலே போதும் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைத்து அனுப்புவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே? அவள் கையில் பிறந்த குழந்தை ஒன்று போன மாசம் தன் பிரசவத்துக்கே வந்து சேர்ந்தது.

பிரசவ அறைக்குள் போய்விட்டால் அவள் வேறு ஆள். வாய்க்குப் பூட்டே கிடையாது. பெரிய சிஸ்டர் திட்டுகிற திட்டுக்குக் குழந்தை பயந்துபோய்த் தானாக வெளியே வந்துவிடும் என்று சின்ன நர்சுகள் சொல்லிச் சிரிப்பார்கள். காதில் விழுந்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் குழந்தை முகத்தைப் பார்த்ததும் அப்படியே உருகிவிடுவாள். “வந்துட்டியா என் சக்கரைக்கட்டி, வழி தெரிஞ்சுதா?” எந்தக் குழந்தையானாலும் அவளுடைய முதல் வார்த்தை அதுதான்.

“இது ரெண்டாவதுதானே? மொதல்ல எப்படி?”

“நார்மல், சிஸ்டர். இங்கேதான்.”

“அப்புறம் என்ன? ரெண்டாவதுக்குப் பாதி பாடுகூட இருக்காது. யாரு உன்னைக் கிளப்பிவிட்டது, மாமியாரா?”

“அவங்க நார்மல்தான் நல்லதுங்கிறாங்க.”

“வீட்டுக்காரரா?”

“உன் இஷ்டம்னு சொல்லிட்டாரு.”

“அப்ப வலிக்குப் பயம். சொல்லேன், இதுல என்ன வெட்கம்?”

“இல்லீங்க.”

“ஆபரேஷன்னா நோகாதுன்னு நினைச்சியா? வயித்துல தையலை வச்சுக்கிட்டு இருமவும் முடியாது, தும்மவும் முடியாது. மூத்தது தூக்குன்னு காலைக் கட்டிக்கிட்டு அழும். நீ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பே.”

“தெரியும், சிஸ்டர். எங்க அக்காவுக்கு ஆபரேஷன்தான். நான்தான் கூட இருந்து பார்த்துக்கிட்டேன்.”

பெரிய சிஸ்டருக்கு அலுப்புத் தட்டியது. எல்லாம் தெரிந்துகொண்டே அடம் பிடிக்கிறவளை என்ன செய்வது?

குரலை இறக்கினாள். “இங்க பாரும்மா. உன் அம்மா மாதிரி கேக்கிறேன். டாக்டர்கிட்ட நான் ஒரு காரணம் சொல்லியாகணும். இல்லேன்னா நார்மல்னுதான் முடிவு பண்ணுவாங்க.”

அந்தப் பெண் நிமிர்ந்தாள். நாற்காலியின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“வலி மறந்துபோச்சு, சிஸ்டர். பேசினதுதான் மறக்கல.”

“யாரு பேசினது?”

“மொத பிரசவத்துல தாங்க முடியாம கத்திட்டேன். ‘அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா? வாயை மூடிக்கிட்டு முக்கு’ன்னாங்க. சுத்தி நின்னவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நான் அரைகுறைத் துணியோட கிடக்கிறேன். செத்துப்போயிடலாம் போல இருந்துது. அதுக்கப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டேன், கத்தவே இல்ல. ஆபரேஷன் ரூம்ல யாரும் அப்படிப் பேச மாட்டாங்களாம், அக்கா சொன்னா. எனக்கு அது போதும்.”

பெரிய சிஸ்டருக்கு ரத்தம் கொதித்தது.

“எவ அவ? பேரைச் சொல்லு. இன்னைக்கே அவளை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்.”

“வேணாம், சிஸ்டர்.”

“பயப்படாதே. நான் இருக்கேன்ல?”

“அவங்க கெட்டவங்க இல்ல, சிஸ்டர். என் பையனைத் துடைச்சு என் பக்கத்துல போட்டப்போ எவ்வளவு ஆசையாக் கொஞ்சினாங்க தெரியுமா? ‘வந்துட்டியா என் சக்கரைக்கட்டி, வழி தெரிஞ்சுதா’ன்னு.”

பெரிய சிஸ்டர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டாள்.

அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு யோசித்தும் அந்த முகம் அவள் ஞாபகத்தில் இல்லை.

எழுந்து டாக்டர் அறைப் பக்கம் நடந்தாள். வழியில் சின்ன நர்ஸ் ஒருத்தி மறித்தாள்.

“சிஸ்டர், உள்ளே ஒண்ணு ஊரைக் கூட்டுது. வந்து உங்க பாணியில ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்.”

“கத்தட்டும்” என்றாள் பெரிய சிஸ்டர். “நீ போய் அது கையைப் பிடிச்சுக்கோ. நானும் வரேன்.”

சின்ன நர்ஸ் விழித்தாள்.

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார். “என்ன, நார்மலுக்கு ஒத்துக்கிட்டாளா?”

“இல்ல, டாக்டர். ரொம்ப பயந்துபோயிருக்கா.”

“உங்ககிட்ட பேசின பிறகுமா?” டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “அப்படி எதைப் பார்த்துப் பயம்?”

“என்னைப் பார்த்து, டாக்டர்.”