பூட்ஸைப் பார்த்தவன்

சலவைக் கடைக்கு மேலே, நர்ஸம்மாவின் ஒற்றை அறையில் பத்துப் பேர் ஜெபத்துக்காக முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஓடும் இயந்திரங்களால் தரை அதிர்கிறது. வெளிநாட்டு வேலைக்கு வந்த வெல்டருக்கு இது முதல் ஞாயிறு. காலையில் பெரிய ஆலயத்து வாசலில் நின்றவன் அவருடைய பூட்ஸைப் பார்த்துவிட்டு, "வேலையாளுங்களுக்குப் பின்வாசல்" என்றான். வெல்டரின் நெற்றி நரம்பு இன்னும் புடைத்தே இருக்கிறது. நர்ஸம்மா நகர்ந்து கட்டிலில் இடம் விடுகிறாள். "இங்க புதுசா வந்தவங்கதான் ஜெபம் ஆரம்பிக்கணும்ண்ணே." "என் வாயில இன்னைக்குத் திட்டுதான் வரும்." "வரட்டும். ஆண்டவர் கேக்காத திட்டா?" எல்லாத் தலைகளும் கவிழ்கின்றன. வெல்டர் பல்லைக் கடித்தபடி ஆரம்பிக்கிறார். "ஆண்டவரே, உம்ம வீட்டு வாசல்ல நிக்கிறவனுக்கு உம்மையே தெரியல." மூலையிலிருந்து ஒரு டிரைவர், அவரைவிடக் கோபமாக, "ஆமென்" என்கிறார்.